வழுவும் வளர்ச்சியும்

மென்பொருள் துறையில் பதினைந்து, இருபது ஆண்டுகளைக் கழித்தவர்கள் தம் தொழில்வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதும் கட்டுரைகள் தமிழில் இன்று ஒரு தனி வகைமையாகவே ஆகிவிட்டன. அவற்றின் கட்டுமானம் மாறுவதே இல்லை. சிற்றூரில் பிறப்பு, பொறியியல் கல்லூரி, வளாக நேர்காணல், முதல் விமானப் பயணம், பதவி உயர்வு, அதற்குமேல் இன்னொரு பதவி உயர்வு, இடையே ஆர்வங்கள் என்ற தலைப்பில் புத்தகமும் இசையும் நெடுந்தூர ஓட்டமும், இறுதியில் இளைஞர்களுக்கு ஏழு பாடங்கள் அல்லது பத்துப் பாடங்கள். இவற்றை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் தாம் ஏறிவந்த படிகளை எண்ணி மகிழ்வதில் தவறேதும் இல்லை. ஆனால் இக்கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்தவர்களுக்கு ஒரு விநோதம் புலப்படாமல் போகாது. இருபதாண்டுக் காலம் நிரல் எழுதியும் எழுதுவித்தும் வாழ்ந்த ஒருவர், இன்ன நிரலில் இன்ன இடத்தில் பிழைத்தேன், அதன் விளைவு இது, அதை இப்படிக் கண்டுகொண்டேன் என்று ஒரே ஒரு பிழையைக்கூடச் சொல்வதில்லை. தோல்விகளே என் ஆசான்கள் என்று ஒரு வரி வரும். எந்தத் தோல்வி என்று கேட்டால் விடை இராது.

இது அடக்கமின்மையால் நேர்வதன்று, மறதியாலும் அன்று. அவர்களிடம் சொல்வதற்கு வழு இல்லை, ஏனெனில் தம் வழுவை அவர்கள் சந்தித்ததே இல்லை. நம் துறை அவர்களைச் சந்திக்க விடவில்லை. நிரலாளரின் வளர்ச்சி, தம் வழுவைத் தாமே மறுபடி எதிர்கொள்ளும் இடத்தில்தான் தொடங்குகிறது. நம் துறையோ அந்தச் சந்திப்பிலிருந்து தப்பிச் செல்லும் வழிக்கே வளர்ச்சி என்று பெயரிட்டிருக்கிறது. இதுவே நம் கட்சி. சற்று விரித்துரைப்போம்.

*

நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1957-இல் மணம் செய்துகொண்டபோது, பதிவேட்டில் தம் தொழிலை நிரலாளர் என்று குறிக்க விரும்பினார். அப்படியொரு தொழிலே இல்லையென்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி மறுத்துவிட்டது. கோட்பாட்டு இயற்பியலாளர் என்றே அவர் பெயர் பதிவாயிற்று. டூரிங் விருதைப் பெற்று 1972-இல் ஆற்றிய உரையில் அவரே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நம்மூர்த் திருமணப் பேச்சுகளில் அந்த நகராட்சி இன்னும் கொலுவிருக்கிறது. மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது, நிரல் எழுதுகிறார் என்றால், "இன்னுமா கோடு எழுதிட்டு இருக்கார்? அவருக்குக் கீழே எத்தனை பேர்?" என்பதே அடுத்த கேள்வி. கீழே ஆளில்லாதவருக்கு மேலே இடமில்லை. மருத்துவரைப் பார்த்து, ஐம்பது வயதிலும் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறீர்களே என்று யாரும் இரங்குவதில்லை. வித்துவானைப் பார்த்து, இன்னும் நீங்களேதானா வாசிக்கிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. தன் தொழிலைக் கைவிட்ட நாளையே அத்தொழிலில் உயர்ந்த நாளாகக் கொண்டாடும் விசித்திரம் மென்பொருளுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

இந்த விசித்திரத்தின் பின்னால் இருப்பது தத்துவம் அன்று, வெறும் கணக்கு. நம் மென்பொருள் சேவைத் தொழில், ஆட்களின் எண்ணிக்கையை மணிநேரத்தால் பெருக்கி அயல்நாட்டு வாடிக்கையாளருக்குச் சீட்டு அனுப்பி வளர்ந்த தொழில். ஒரு மணிநேரத்துக்கு வாடிக்கையாளர் தரும் தொகை எளிதில் ஏறுவதில்லை. ஊழியரின் சம்பளமோ ஆண்டுதோறும் ஏறவேண்டும். ஆகவே ஆறேழு ஆண்டு கழிந்தவர் தாமே நிரல் எழுதினால் நிறுவனத்துக்குக் கட்டாது. அவரை ஒரு படி ஏற்றி, அவருக்குக் கீழே குறைந்த சம்பளத்தில் பத்துப் புதியவர்களை நிறுத்தினால்தான் சராசரி சரியாக வரும். அடி அகன்று முடி குறுகிய இந்தப் பிரமிடு, கணக்குப் புத்தகத்தின் தேவை. அந்தத் தேவைக்கு ஆளானவரிடம், நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லி ஒரு கடிதத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். அவரும் நம்பிவிடுகிறார். நாமும் நம்பினோம்.

பிறரிடம் வழுவைக் கேட்பவர்கள் முதலில் தம் வழுவைச் சொல்லவேண்டும். எங்களில் சிலர் பல்லாண்டுகளுக்கு முன் அயல்நாட்டு வங்கி ஒன்றுக்காக வட்டி கணக்கிடும் நிரலை எழுதினோம். நாள்தோறும் சேரும் வட்டியைப் பின்னப் பகுதியுடன் அப்படியே வைத்திருந்து, மாத இறுதியில் ஒரே முறை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கியிருக்கவேண்டும். நாங்களோ அன்றன்றைக்கே சுருக்கிவிட்டோம். சோதனைக்குத் தரப்பட்ட கணக்குகளில் வேறுபாடு தெரியவில்லை. குறித்த தேதிக்குள் வேலை முடிந்தது, சிறந்த குழு என்று சான்றிதழும் கிடைத்தது. நான்கே மாதங்களில் ஆளுக்கொரு திட்டத்துக்கு மாற்றப்பட்டோம், இருவருக்குப் பதவி உயர்வும் வந்தது. மூன்றாண்டுகள் கழித்து, அந்த நிரலைப் பராமரிக்கும் இளைஞர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தபோதுதான் செய்தி தெரிந்தது. ஒவ்வொரு மாத இறுதியிலும் சில்லறைக் காசுகள் ஒத்துவராமல், அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டுவதற்கென்றே தனியாக ஒரு நிரலை எழுதி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வேரில் இருந்த வழுவை எவரும் தொடவில்லை. தொடுவதற்கு அவர்களுக்கு அச்சம், எங்களுக்கோ அப்படியொன்று இருப்பதே தெரியாது. அந்த மூன்றாண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த உயர்வுகள் அத்தனையும், இந்த ஒரு வழுவை அறியாமலே கிடைத்தவை. அதை அறிந்த அன்று மாலை நாங்கள் கற்றது, அந்த உயர்வுகள் கற்றுத் தராதது.

*

டென்மார்க்கின் பீட்டர் நௌர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். நிரலாக்கம் என்பது நிரல் வரிகளை உற்பத்தி செய்வதன்று, ஒரு கோட்பாட்டை மனத்தில் கட்டி எழுப்புவது என்பது அதன் சாரம். உலகின் எந்தப் பகுதி நிரலின் எந்தப் பகுதியோடு பொருந்துகிறது, ஏன் இப்படி அமைத்தோம், நாளை ஒரு மாற்றம் கேட்டால் எங்கே கைவைக்கவேண்டும் என்ற அறிவு எழுதியவர்களின் மனத்தில்தான் இருக்கிறது. ஆவணங்களில் அதை முழுமையாக இறக்கிவைக்க முடியாது. ஒரு குழு உருவாக்கிய மொழிமாற்றி நிரலை இன்னொரு குழு முழு ஆவணங்களோடு பெற்றுக்கொண்டும், அதன் அமைப்பைக் குலைக்கும் மாற்றங்களையே முன்வைத்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். எழுதிய குழு கலைந்தால் நிரல் இறந்துவிடுகிறது என்கிறார் அவர். ஓடிக்கொண்டே இருக்கலாம், ஆனாலும் அது இறந்ததுதான்.

இதன் மறுபக்கத்தை நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். குழு கலையும்போது நிரல் மட்டும் இறப்பதில்லை, நிரலாளருக்குள் வளரத் தொடங்கிய ஏதோவொன்றும் இறக்கிறது. தாம் கட்டிய கோட்பாடு எந்த இடத்தில் உலகோடு முரண்பட்டது என்று அறியும் முன்பே அவர் அங்கிருந்து அகற்றப்படுகிறார். புதிய இடத்தில் புதிய கோட்பாடு, அதையும் பாதியில் விட்டு அடுத்தது. பத்தாண்டு அனுபவம் என்று எழுதிக்கொள்கிறோம். உண்மையில் அது ஓராண்டு அனுபவத்தைப் பத்து முறை பெற்றதாகவே பலருக்கும் முடிகிறது.

இதில் ஒரு கசப்பான நகைச்சுவையும் உண்டு. நம் மென்பொருள் தொழில் 1990-களின் இறுதியில் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம், இரண்டாயிரமாம் ஆண்டுச் சிக்கல். 1960-களிலும் 1970-களிலும் நினைவகம் விலையுயர்ந்தது என்பதால் ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதினார்கள் அமெரிக்க நிரலாளர்கள். அந்த நிரல்கள் அத்தனை காலம் உயிரோடிருக்கும் என்று அவர்கள் எண்ணவில்லை. நூற்றாண்டு திரும்பும் நேரத்தில் அந்தக் கோபால் நிரல்களை வரிவரியாகத் திறந்து திருத்த ஆட்கள் தேவைப்பட்டபோது, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் போனார்கள். அதாவது, பிறருடைய பழைய வழுவைத் திருத்தித்தான் நாம் தலையெடுத்தோம். ஒரு நிரல் எழுதியவரின் கணிப்பைத் தாண்டி எத்தனை காலம் வாழும் என்பதை நம்மைவிட நெருங்கிக் கண்டவர் எவருமில்லை. அதைக் கண்டபிறகும், நாம் எழுதுவது பத்தாண்டு கழித்து என்னவாகும் என்று கேட்கும் ஒரு வழக்கத்தை நாம் உண்டாக்கிக்கொள்ளவில்லை.

*

வேறுவிதமாகவும் ஒரு தொழில்வாழ்வு அமையமுடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் டொனால்ட் கனூத், 1962-இல் தமது 24-ஆம் வயதில் மொழிமாற்றிகளைப் பற்றி ஒரு நூல் எழுத ஒப்புக்கொண்டார். அது 'கணிப்பொறி நிரலாக்கக் கலை' என்று பொருள்படும் தலைப்பில் பல தொகுதிகளாக விரிந்தது. முதல் தொகுதி 1968-இல் வந்தது. 4-பி என்ற பகுதி 2022-இல், அவரது 84-ஆம் வயதில் வந்தது. இடையில் ஒரு தடங்கல். இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகள் 1977-இல் அவர் கைக்கு வந்தபோது, பழைய ஈய எழுத்துக் கோப்பின் அழகு போய், புதிய முறையில் அச்சு கெட்டிருந்தது. அதைப் பொறுக்கமாட்டாமல், பக்கங்களை வடிவமைக்கத் தாமே ஒரு நிரல் எழுத முனைந்தார். அதுவே டெக். ஓராண்டுக்குள் முடிந்துவிடும் என்று எண்ணினார், ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. எழுத்துருக்களை வரையும் வேறொரு நிரலும் அதனோடு பிறந்தது. உலகெங்கும் கணித ஆய்வேடுகள் இன்று அச்சாவது பெரும்பாலும் அந்தப் பத்தாண்டின் கொடையால்.

நம் நிறுவனங்களின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தை அந்தப் பத்தாண்டுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒப்புக்கொண்ட பணி நிற்கிறது, ஆர்வம் என்ற பகுதியில் எழுதவேண்டியது முழுநேரத்தையும் தின்கிறது, காலக்கெடு பத்து மடங்கு நீள்கிறது. எதிர்பார்ப்புக்குக் கீழே என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் நாம் கனூத்தை எடுத்துக்கொண்டது இதற்காக மட்டுமன்று. 1978 முதல் டெக் நிரலில் தாம் கண்ட ஒவ்வொரு வழுவையும், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் குறித்துவைத்தார். 850-க்கு மேற்பட்ட பதிவுகள் கொண்ட அந்தப் பட்டியலை முழுமையாக 1989-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். அவற்றை 15 வகைகளாகவும் பிரித்தார். வழிமுறையே பிசகியது ஒரு வகை. செய்ய வேண்டியது தெரிந்திருந்தும் கை வேறொன்றை எழுதிவிட்டது ஒரு வகை. மறந்துபோனது, தட்டச்சில் தவறியது, நிரலின் இரு பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தாதது, தாம் எதிர்பாராத விதத்தில் பகுதிகள் கூடி வியப்பூட்டியது என்று அது நீள்கிறது. டூரிங் விருதை 1974-இலேயே பெற்றுவிட்ட ஒருவர், தம் மடமைகளுக்குப் பெயர் வைத்து, நாளிட்டு, வரிசை எண்ணிட்டு உலகின் முன் வைத்தார். தம் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலருக்குக் காசோலை எழுதி அனுப்புவதும் 2008 வரை அவர் வழக்கமாக இருந்தது. அதை வங்கியில் மாற்றாமல் சட்டமிட்டு மாட்டிவைத்தவர்கள் பலர். 2021-இல், 83 வயதில், நாற்பதாண்டுக்கு முந்திய அந்த நிரலில் பிறர் கண்டு சொன்ன வழுக்களை மறுபடி உட்கார்ந்து ஆராய்ந்து திருத்தி அறிக்கையும் வெளியிட்டார்.

வழு என்ற சொல்லைக் கணிப்பொறிக்காக நாம் புதிதாக உண்டாக்கவில்லை. அது இலக்கணத்திலிருந்து வந்த சொல். நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாக வகுக்கிறார். வகுத்ததோடு நிற்காமல், வழுவாயினும் காரணம் கருதி ஏற்கத்தக்கது என்று வழுவமைதிக்கும் இடம் தருகிறார். தாம் இறந்தபின் டெக் நிரலில் எவரும் கைவைக்கக்கூடாது, எஞ்சியிருக்கும் வழுக்கள் அன்றுமுதல் நிரலின் இயல்புகளாகவே கொள்ளப்படட்டும் என்று கனூத் எழுதிவைத்திருப்பதும் ஒருவகை வழுவமைதிதான். பிழையைப் பெயரிட்டு வகைப்படுத்திக் கற்பித்த ஒரு மொழியில் பிறந்த நாம், பிழையை மறைப்பதைத் தொழில் நாகரிகமாகக் கொண்டது எப்படி?

*

நிரலாளர்கள் அனைவரும் நிரலையே எழுதிக்கொண்டிருந்தால் நிர்வாகம் செய்வது யார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிர்வாகமும் ஒரு தொழில்தான், அதிலும் வழு உண்டு, வளர்ச்சியும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் 360 வரிசைக் கணிப்பொறிகளுக்கான இயங்குதளப் பணியை 1960-களில் நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், அதில் தாம் பட்ட இடர்களையே 1975-இல் ஒரு நூலாக எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற அவரது முடிவு, நம் மேலாளர்கள் பலர் மேற்கோள் காட்டி மறந்துவிடுவது. இருபதாண்டுகள் கழித்து 1995-இல் அந்நூலை மறுபதிப்பு செய்தபோது, முதற்பதிப்பில் தாம் மறுத்திருந்த டேவிட் பார்னாஸின் கருத்தே சரி, தாம் சொன்னது தவறு என்று வெளிப்படையாக எழுதினார். நிர்வாகியின் வளர்ச்சி என்றால் அது.

அந்நூலின் இன்னோரிடம் நம்மவர் கண்ணில் ஏனோ படுவதில்லை. தொழில்நுட்ப ஏணி, நிர்வாக ஏணி என்று இரண்டு இருக்கும்போது இரண்டிலும் ஒரே சம்பளம் வைப்பது எளிது, ஒரே மதிப்பு வைப்பதுதான் கடினம் என்கிறார் புரூக்ஸ். ஆகவே நிரலாளரை நிர்வாகத்துக்கு மாற்றும்போது அதைப் பதவி உயர்வு என்று அழைக்கவே கூடாது, பணிமாற்றம் என்றுதான் அறிவிக்கவேண்டும், சம்பளத்தையும் உயர்த்தக்கூடாது. மாறாக, நிர்வாகத்திலிருந்து நிரலாக்கத்துக்குத் திரும்புகிறவருக்குச் சம்பளம் உயர்த்தவேண்டும், அப்போதுதான் ஊரார் மனச்சாய்வை ஈடுகட்ட முடியும் என்பது அவர் யோசனை. இன்று நம் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இரட்டை ஏணி காகிதத்தில் உண்டு. ஆனால் நிர்வாக ஏணியிலிருந்து இறங்கி வந்தவருக்குச் சம்பளம் உயர்த்திய இடத்தை நாம் கேள்விப்பட்டதில்லை.

நிரலில் நிலைத்து நிற்பவருக்கு வயது தடை என்பது இன்னொரு பொய். கென் தாம்சன் 1969-இல் யுனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியபோது அவருக்கு 26 வயது. சதுரங்கத்தில் ஆர்வம் கொண்ட அவர், ஜோ காண்டனுடன் சேர்ந்து உருவாக்கிய பெல் என்ற சதுரங்கப் பொறி 1980-இல் உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் பட்டத்தை வென்றது. ஆர்வம் என்றால் தன்விவரக் குறிப்பின் கடைசி வரியில் வைக்கும் அலங்காரமன்று, தொழிலையே இழுத்துச் செல்லும் விசை என்பதற்கு அதுவும் ஒரு சான்று. 1992 செப்டம்பரில், 49 வயதில், நியூ ஜெர்சியின் சாலையோர உணவகம் ஒன்றில் ராப் பைக்குடன் அமர்ந்திருந்தபோது, உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் கணிப்பொறியில் குறிக்கும் ஒரு முறையை மேசையிலிருந்த காகித விரிப்பில் வரைந்து காட்டினார். அந்த வாரம் முடிவதற்குள் அவர்களது இயங்குதளம் முழுவதும் அம்முறைக்கு மாறிவிட்டது. அதன் பெயர் யுடிஎஃப்-8. கூகுளில் மற்ற இருவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கோ என்ற நிரல்மொழி வெளியானபோது அவர் வயது 66.

யுடிஎஃப்-8 நமக்கு அயலானதன்று. திஸ்கி, டாம், டாப் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எழுத்துருவைத் தேடி இறக்கி, அப்போதும் கட்டங்களையும் கேள்விக்குறிகளையும் கண்டு அலுத்த காலம் இதை வாசிப்பவர்கள் பலருக்கு நினைவிருக்கும். இன்று இணையத்தில் நாம் தடையின்றித் தமிழ் வாசிப்பது யூனிகோடினால். அந்த யூனிகோடு வந்து சேர்வது யுடிஎஃப்-8 வடிவில். ஒவ்வொரு தமிழ்க் குறியும் அதில் மூன்று பைட்டுகளாகப் பயணிக்கிறது. இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வழியில் ஒரு பைட்டு தொலைந்தால் அந்த ஓர் எழுத்துதான் கெடும், அடுத்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதைக் கணிப்பொறி உடனே கண்டுகொண்டுவிடும். ஒரு பிழை பக்கம் முழுவதையும் பாழாக்காதபடி அமைத்த அமைப்பு அது. இப்படியொரு முன்யோசனை, இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் நிரல்கள் எங்கெங்கே உடைகின்றன என்று கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் இரவுணவு நேரத்தில் தோன்றும். நாற்பத்தொன்பது வயதில் அவரை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்து, கீழே இருப்பவர்களின் வருகைப் பதிவைப் பார்க்கச் சொல்லியிருந்தால் தோன்றியிராது.

தமிழிலும் இப்படி நிலைத்து நின்றவர்கள் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளில் தொடங்கிய பணியைச் செல்பேசிக்கான செல்லினம் வரை, குறியேற்றங்கள் மாற மாறக் கொண்டுவந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில், தட்டச்சு செய்தவர் பெயரோடு மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் முகப்பிலேயே இருக்கும். பிழை பார்த்தவருக்கும் நூலில் இடமுண்டு என்ற அந்த ஒரு வரியில் இருக்கும் பண்பாடு, நம் பல மாடி அலுவலகங்களில் இல்லை.

*

எதிர்வாதங்களில் கனமானது, பணம். வீட்டுக்கடன், தம்பி தங்கை படிப்பு, பெற்றோர் மருத்துவம் என்று நிற்பவரிடம் போய்ப் பதவி உயர்வை மறுத்துவிடு என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நாம் அதைச் சொல்லவும் இல்லை. உயர்வை ஏற்றுக்கொள்ளட்டும், சம்பளத்தை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் அதை வளர்ச்சி என்று தாமும் நம்பி, பின்னால் வருபவர்களுக்கும் பாடமாக எழுதவேண்டாம் என்றே கேட்கிறோம். கூலி உயர்ந்தது என்று நேர்மையாக எழுதினால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

இன்னொன்று, 2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளியான பிறகு எழுந்த வாதம். பொறியே நிரல் எழுதித் தரும் காலத்தில் நிரலாளர் நிரலில் நிலைத்து நிற்பதில் என்ன பொருள் என்கிறார்கள். நாம் இதைத் தலைகீழாகவே காண்கிறோம். பொறி விரைந்து தருவது வரிகளை. அவ்வரிகள் பார்வைக்கு எப்போதும் ஒழுங்காகவே இருக்கும், எங்கள் வட்டிக் கணக்கு நிரலும் அப்படித்தான் இருந்தது. ஒழுங்காகத் தோன்றும் வரிகளுக்குள் வழு எங்கே பதுங்கியிருக்கும் என்பதை, தம் வழுக்களோடு பல்லாண்டு பழகியவர் அல்லாமல் வேறு யார் அறிவார்? பொறியால் முதலில் ஆட்டங்காண்பது, ஆட்களின் எண்ணிக்கையால் எழுப்பிய அந்தப் பிரமிடின் அடித்தளம். மேல்படியில் இருப்பவர்களோ நிரலை வாசிப்பதையே விட்டு நெடுங்காலம் ஆயிற்று. அடித்தளம் கரைந்து, மேலிருப்பவருக்கும் வாசிக்கத் தெரியாமல் போகும் நாளில், பொறி எழுதியதற்குக் கையெழுத்திடப் போவது யார்? வங்கிக் கணக்கும் மருத்துவக் கருவியும் ரயில் முன்பதிவும் நிரலால் ஓடும் நாட்டில் இது சிலருடைய வேலைப் பிரச்சினை மட்டுமன்று.

இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கும் விடை உண்டு. இது நம் வீட்டு நோயும்கூட. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அத்தோடு அதைக் கைகழுவிவிடவில்லை. மேலும் ஏடுகள் கிடைக்கக் கிடைக்கத் தம் பாடங்களைத் திருத்தி மறுபதிப்புகளைக் கொண்டுவந்தார். இன்று நாமோ, ஆண்டுக்கொரு நூலைப் புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவந்துவிட்டு, முந்தைய நூலின் அச்சுப்பிழையைக்கூடத் திரும்பிப் பாராமல் அடுத்ததற்குப் போகிறோம். நூல்களின் எண்ணிக்கையை வளர்ச்சி என்கிறோம். கீழே எத்தனை பேர் என்ற கேள்விக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

ஆகவே தம் தொழில்வாழ்வை எழுதவிருக்கும் நண்பர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. பத்துப் பாடங்களை எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே, அதைக் கற்பித்த வழுவை இடமும் காலமும் குறித்து எழுதிவிடுங்கள். ஒரு பாடத்துக்கு அப்படியொரு வழு கிடைக்கவில்லையென்றால் அதை அடித்துவிடுங்கள். அது நீங்கள் கற்றதன்று, எங்கோ கேட்டது. பத்தும் அடிபட்டுப் போனால் கவலைப்படவேண்டாம். கடைசியாக எழுதிய நிரல் இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் போய், அது எங்கே உடைகிறது என்று கேளுங்கள். பதவி என்னவாக இருந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து உங்கள் அனுபவ ஆண்டுகளை எண்ணத் தொடங்கலாம்.